முடக்குத் தாண்டிய பிறகு வழி சொன்னவர்

எங்கள் குடியேற்றத்தில் மேடு என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான், குளக்கட்டு. அதில் ஏறி நின்றால் ஒரு பக்கம் பரந்தன் வரைக்கும் வயல், மறுபக்கம் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் பற்றைக்காடு. ஒரு தேங்காயைத் தரையில் வைத்தால் அடுத்த நாளும் உருளாமல் அதே இடத்தில் கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாற்பது வருடமாக ஒரு மனிதர் மலை ரோட்டைப் பற்றி மட்டுமே கதைத்தார் என்றால், அதைச் சகித்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் யாராவது மாலை போட வேண்டும்.

போன மாசியில் அவர் செத்துப்போனார். சந்தி மின்கம்பத்தில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் பெயருக்குக் கீழே 'மலையகத்தின் முன்னாள் லொறிச் சாரதி' என்று போட்டிருந்தார்கள். அதை வாசித்து நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், செத்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறாயே என்று என்னை முறைத்தார். நான் ஏன் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அந்த ரோட்டு கம்பளையில் தொடங்கி, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று நுவரெலியாவுக்கு ஏறுகிறது. எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. என் அம்மாவும் அப்பாவும் அதே கூட்டத்தில் வந்தவர்கள்தான். மற்றவர்கள் வரும்போது சட்டிபானையும் துணிமூட்டையும் கொண்டுவந்தார்கள். அவர் ரோட்டைக் கொண்டுவந்தார்.

"ஏழு வருஷம் தேயிலை லொறி ஓட்டினவன் தம்பி நானு" என்று ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவர் கேட்டாரா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. உடனே இடது கையை நீட்டுவார். நடுவிரல் நுனி கம்பளை, மணிக்கட்டு புசல்லாவை, முழங்கை இறம்பொடை, தோள்மூட்டு நுவரெலியா. வலது கை ஆட்காட்டி விரல் லொறி. அந்த லொறி உறுமிக்கொண்டு நரம்புகளுக்கு மேலால் ஏறும். ரோட்டு வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் வாயால் ஹோன் அடிப்பார், எச்சில் தெறிக்கும். அரிசி ஆலையில் நெல்மூட்டை சுமக்கிற நாட்டாமை வேலை அவருக்கு. வேலை இடைவெளியில் ஆலைக்கு முன்னாலிருந்த தேநீர்க்கடைக்கு வந்து, மூட்டைத் தூசி படிந்த அந்தக் கையைத்தான் எங்கள் தேநீருக்கு மேலாக நீட்டுவார்.

ஒருமுறை காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுத்தபோது, நரம்பு தேடிய நேர்ஸிடம் "இறம்பொடையில குத்தாதம்மா, புசல்லாவையில குத்து" என்றாராம். இதை அவர் மனைவிதான் என் அம்மாவிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "நான் புருஷனக் கட்டலக்கா, ஒரு ரோட்டக் கட்டிக்கிட்டேன்" என்று தலையில் கையை வைத்தார். அந்த வீட்டில் சிந்திக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த மனுசிதான்.

ரோட்டுக்கு ஒரு சரித்திரமும் வைத்திருந்தார். "நம்ம பாட்டனுக்குப் பாட்டன் மன்னாருல வந்து எறங்கி, இந்த வன்னிக் காட்டு வழியாத்தான் நடந்தே போனான். பாதிப்பேரு வழியிலேயே செத்தான். மிச்சம் பாதிப்பேரு போயி வெட்டினதுதான் அந்த ரோட்டு. மொதல்ல கோப்பிக்கு, பொறகு தேயிலைக்கு." இது உண்மை. பிற்பாடு நான் விசாரித்து அறிந்துகொண்டேன். அதுதான் எரிச்சல். உண்மையை உண்மையாக விட்டுவைக்க அவருக்கு மனம் வராது. ரோட்டு எங்கே திரும்ப வேண்டும் என்று தெரியாத வெள்ளைக்காரன், ஒரு மாட்டின் முதுகில் கோப்பி மூட்டையை ஏற்றி மலையில் விரட்டிவிட்டானாம். சுமை தாங்காமல் மாடு எங்கெல்லாம் திரும்பியதோ அங்கெல்லாம் சுண்ணாம்பு போட்டானாம். அந்த இடங்கள்தான் முடக்குகளாம். ஒரு கிழமை அது மாடு, மறு கிழமை கோவேறு கழுதை. பள்ளிக்கூட அதிபர் தேநீர்க்கடையில் இருந்த அன்று மட்டும் மிருகம் மறைந்து, நில அளவைக் கருவி வந்துவிட்டது.

முடக்குகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரு நாள் பதினாறு, ஒரு நாள் இருபத்திரண்டு. கங்காணி முடக்கு, முட்டுக்கல் முடக்கு, துரை விழுந்த முடக்கு என்று பெயர்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவர் சொல்வதைக் குறித்து வைத்து, அடுத்த முறை மாற்றிச் சொல்லும்போது எழுந்து நின்று கேட்டேன். "மாமா, போன கிழமை துரை விழுந்தது எட்டாவது முடக்கிலயெண்டு சொன்னனீங்கள். இப்ப அஞ்சாவதில விழுத்திறியள்." அவர் கொஞ்சமும் கூசவில்லை. "அது வேற துரை தம்பி" என்றார்.

கண்டியிலிருந்து கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போகிற எங்கள் ஏ-ஒன்பது ரோட்டை அவர் மனிதனாகவே மதித்ததில்லை. "இதெல்லாம் ஒரு ரோட்டா? நூலப் புடிச்சாப்ல கெடக்கு. தூங்கிக்கிட்டே ஓட்டலாம்." யுத்தம் முடிந்து ரோட்டுக்குத் தார்க் கார்ப்பெட் போட வந்தவர்களிடம் தினமும் போய் நின்று குற்றம் சொன்னார். அவர்கள் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள். யாரோ வயதான ஒப்பந்தக்காரர் என்று நினைத்து அவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

ஆனால் நாற்பது வருடத்தில் அவர் எந்த வாகனத்தையும் ஓட்டி ஒருவரும் கண்டதில்லை. கடைசி யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போக வெளிக்கிட்டபோது, எட்டுக் குடும்பத்தின் சாமான் ஏற்றிய உழவு இயந்திரம் ஓட்ட ஆளில்லாமல் நின்றது. ஓட்டுகிறவனுக்குக் காலில் காயம். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மலையில ஓட்டின கை. சமதரைக்கு அடங்காது. ஆளுகளக் கொன்னுருவேன்" என்றார். வயலில் இரண்டு சில்லு லான்ட் மாஸ்ரர் மட்டும் பிடித்துப் பழகிய என் அப்பாதான் வியர்க்க விறுவிறுக்க அதை ஓட்டினார். இவர் பெட்டியில், நெல்மூட்டைகளுக்கு மேலே, பின்பக்கம் பார்த்தபடி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சம்மணமிட்டு இருந்தார். குலுக்கலுக்கு மற்றவர்கள் எல்லாம் சரிந்து விழ, அவர் மட்டும் சொந்த வீட்டுக் கதிரையில் இருப்பவரைப் போல இருந்தார். அந்த யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது எங்களோடு அப்பா இல்லை. அவர் இருந்தார், ரோட்டும் இருந்தது.

திரும்பி வந்த பிறகும் சைக்கிள்தான். அதிலும் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். பத்தடி உயரக் கட்டு அது. பள்ளிக்கூடப் பெட்டைகள் இருவர் இருவராக ஏறி விசிலடித்துக்கொண்டு பறந்து வருவார்கள். "எறக்கத்துல பிரேக்க நம்பக்கூடாது தம்பி" என்று என்னிடம் ஒரு நாள் காரணம் சொன்னார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பயனுள்ள வார்த்தை அது. நான் அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி என் அம்மாவின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபத்தேழில் அம்மா வன்னிக்கு வந்தபோது பெரியம்மா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். பெரியப்பா வர மறுத்துவிட்டார். சமாதானக் காலத்தில் பெரியம்மா ஒரே ஒரு முறை இங்கே வந்து மூன்று நாள் நின்றுவிட்டுப் போனார். பிறகு ரோட்டு மூடப்பட்டது, யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்து ரோட்டும் திறந்து, நான் லீசிங்கில் ஒரு வேன் எடுத்தேன். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கும், புத்தளம் வழியாகக் கொழும்பு விமான நிலையத்துக்கும் நாள் தவறாமல் ஹயர் ஓடினேன்.

தீபாவளிக்குத் தீபாவளி அம்மா கேட்பார். "மகன், அக்காவ ஒருக்காப் பாத்துட்டு வருவமா?"

"விதைப்பு முடியட்டும் அம்மா" என்பேன். விதைப்பு முடிந்தால் "தை பிறக்கட்டும்" என்பேன். தை பிறந்தால் வேனுக்கு ரயர் மாற்ற வேண்டியிருக்கும். உண்மை என்னவென்றால் எனக்கு மலை பயம். நேர் ரோட்டைத் தவிர வேறு எதிலும் நான் ஓட்டியதில்லை. அதை அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்படி எட்டு வருடம் போனது.

ஒரு பின்னேரம் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, போன் எடுத்தார். "அம்மா போயிட்டாங்க தம்பி. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம். அதுக்கு மேல வைக்க ஏலாது, மழ புடிச்சா பொதைக்கிற எடத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. சின்னம்மாவ மொகம் பாக்கக் கூட்டிட்டு வந்துருங்க. கம்பளையிலேயே திரும்பி, டேமுக்கு மத்தக் கரை ரோட்டால வாங்க. வேற பக்கம் போயிறாதீங்க."

அம்மா அழவில்லை. ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து மடித்தார். நான்தான் சொன்னேன், "ரோட்டுத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு போவம்" என்று.

"அவரையா?" என்று அம்மா கேட்டார். பிறகு சேலையைப் பைக்குள் வைத்தார்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். அவர் வெள்ளைச் சேர்ட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, முன் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் ஏறினார். சாவீட்டுக்குப் போகிறவரைப் போல இல்லை, மாப்பிள்ளைத் தோழனைப் போல இருந்தார். "கண்டி வரைக்கும் எனக்கு வேலையில்ல, கம்பளையில எழுப்பு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வவுனியா, தம்புள்ளை, மாத்தளை எல்லாம் அவருடைய குறட்டையில் போயின.

கம்பளைக்குப் பதினொரு மணிக்கு வந்தோம். அக்கா சொன்ன இடத்தில் நான் வேனை மெதுவாக்கினேன்.

"மாமா, இதில திரும்பட்டோ? மற்றக் கரையால வரச் சொல்லித்தான் அக்கா சொன்னவா."

"அது பொம்பளப் புள்ள. அதுக்கு ரோட்டப் பத்தி என்னா தெரியும்? அது சுத்து வழி. நம்ம ரோட்டுலயே மேல போயி, புசல்லாவை தாண்டிக் கீழ எறங்கி, ஆத்துப் பாலத்தக் கடந்தா அந்தப் பக்கம் தோட்டம். நேரத்தோட போயிரலாம். ஏழு வருஷம் ஓட்டினவன் சொல்றேன்."

நான் அவர் சொல்லைக் கேட்டேன். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன், வேறு விதமாகச் சொல்ல முடியாது. எந்நாளும் நம்பாத மனிதரை, நம்பக்கூடாத ஒரே நாளில் நம்பினேன்.

ரோட்டு ஏறத் தொடங்கியதும் அவருக்கு உசார் வந்துவிட்டது. ஆனால் முன்னால் பார்க்கவில்லை. இருக்கையில் முழங்காலிட்டுத் திரும்பி, அம்மாவின் தலைக்கு மேலாகப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முடக்கைத் திருப்பி முடித்த பிறகு, "இதுதான் கங்காணி முடக்கு, ஹோன் அடிச்சுத்தான் வரணும்" என்பார். எதிரே வந்த பேருந்துக்கு நான் ஒதுங்கி, அது உரசாமல் போன பிறகு, "இந்த எடத்துல பஸ்ஸு வரும், பாத்து" என்பார். ஒரு மாரியம்மன் கோயில் கடந்து போனதும், "இதுக்குப் பக்கத்துல ஒரு பீலி கொட்டும், தண்ணி தேன் மாதிரி" என்றார். கண்ணாடியில் பார்த்தேன், பீலி இருந்தது. அவர் சொன்னதெல்லாம் இருந்தன. மதகு இருந்தது, முட்டுக்கல் இருந்தது. ஒரு அரை மணித்தியாலம் நான் அவரை மதித்தேன். அதை இன்றைக்கும் நினைத்தால் என் மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

புசல்லாவை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், "இதுதான், இதுதான்" என்று கத்தி இடது பக்கமா வலது பக்கமா என்று தடுமாறி, கடைசியில் வலது பக்கம் கையைக் காட்டினார். தேயிலைக்கு நடுவே ஒரு ஒடுங்கிய தார் ரோட்டு கீழே இறங்கியது. அதில் வாகனம் போன அடையாளம் அதிகம் இல்லை. மணி பன்னிரண்டு. இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கிறது என்ற நிம்மதியில் இறக்கினேன்.

நான் அறிந்த ரோட்டில் வேனை மெதுவாக்குவது என்றால் பிரேக்கை மிதிப்பதுதான். சோதனைச் சாவடி வந்தால் மிதிப்பேன், மாடு குறுக்கிட்டால் மிதிப்பேன். அப்படியே மூன்றாவது கியரில் போட்டு, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் இறங்கினேன். நாலைந்து முடக்குத் தாண்டியதும் ரப்பர் கருகுகிற மணம் வந்தது. மிதி மெத்து மெத்தென்று கீழே போனது. அடுத்த முடக்கில் அடியோடு போய்விட்டது.

"மாமா, பிரேக் இல்லை! என்ன செய்யிறது?"

வேன் வேகம் பிடித்தது.

"மாமா! சொல்லுங்கோ!"

திரும்பிப் பார்த்தேன். இரண்டு காலையும் டாஷ்போர்டில் உதைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, இடது முழங்கையை வலது கையால் கெட்டியாகப் பிடித்திருந்தார். நாற்பது வருடம் மூடாத வாய் அன்றைக்கு மூடியிருந்தது. பின்னாலிருந்து அம்மா "முருகா, முருகா" என்பது மட்டும் கேட்டது. நான் கைப்பிரேக்கை இழுத்து, இடது பக்கச் சில்லுகளை ரோட்டோரக் கானுக்குள் இறக்கினேன். வேன் மண் திட்டியில் உரசிக்கொண்டே போய், தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு நின்றது.

நிமிர்ந்து பார்த்தபோது, நாற்பது அடி முன்னால் ரோட்டு தண்ணீருக்குள் போயிருந்தது. மாடு தண்ணி குடிக்க இறங்குவதைப் போலச் சாவதானமாக இறங்கி, கொஞ்சத் தூரத்துக்குத் தார் தெரிந்து, பிறகு கறுப்பாக மறைந்தது. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை நீர்த்தேக்கம். மறுகரை மலையில் ஒரு தோட்டத்து லய வீடுகளின் தகரக் கூரைகள் தெரிந்தன. அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் ஒருவர் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். ஓடி வந்தார். "ஐயோ, இங்க ஏன் வந்தீங்க? டேம் கட்டின நாள்லருந்து ரோட்டு இம்புட்டுத்தான். என்னா கியர்ல எறக்கினீங்க?"

"மூண்டில."

"மூணுலயா! ஏறுற கியர்லதாங்க எறங்கணும். ஒண்ணு, இல்லாட்டி ரெண்டு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிக் கழண்டுரும். இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியுமே இது."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் நம்மவர். வேனிலிருந்து இறங்கி, சேர்ட்டை இழுத்துவிட்டு, அதைச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. அந்த மனிதரின் வாளியில் தண்ணீர் மொண்டு வந்து புகைகிற சில்லில் ஊற்றப் போனார். மோட்டார் சைக்கிள்காரர் பாய்ந்து வாளியைப் பறித்தார். "சுடச்சுட ஊத்தினா வெடிச்சிரும்யா! நீங்க என்னா வாகனமே பாக்காத ஆளா?"

போன் எடுத்துப் பார்த்தேன், அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. சில்லு ஆறும்வரை அசைய முடியாது. அம்மா ஒரு மதகுக் கல்லில் உட்கார்ந்து, மறுகரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நீ போயி அவர்ட்ட கேக்குறியே மகன். அவர் லொறி ஓட்டினவர் இல்ல. கொழுந்து மூட்ட ஏத்தி எறக்குறவர். பின்னுக்கு மூட்ட மேல குந்திக்கிட்டுப் போவார்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"அங்கருந்து வந்த எல்லாருக்கும் தெரியும்."

"பின்னை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொல்லி என்னா செய்ய? நமக்கு எல்லாந்தான் போயிருச்சு. லொறியாவது அவருக்கு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம். நீங்க இம்புட்டு நம்புவீங்கன்னு யாரு கண்டா?"

இந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. அவர் தண்ணீரோரம் போய் நின்று, "இந்தா, இதுக்கு நேர கீழதான் பாலம்" என்று மோட்டார் சைக்கிள்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டேம் கட்டியது தெரியாதா என்று நான் கத்தினேன். "தெரியும் தம்பி. நம்ம ரோட்டையே முழுங்குவானுகன்னு யாரு நெனைச்சா?" என்றார். அந்தக் கணம் அவரைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளிப் பாலத்தைக் காட்டு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

இரண்டு மணிக்கு வேனை எடுத்து, முதலாவது கியரில் ஊர்ந்து ஏறி, கம்பளைக்குத் திரும்பி, மற்றக் கரையால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலேகால். மழை பெய்து ஓய்ந்திருந்தது. லயத்து வாசலில் ஆண்கள் ஈரத் தலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெரியம்மாவின் மகள் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். "மூணரை வரைக்கும் வச்சிருந்தோம் சின்னம்மா. போன் அடிச்சு அடிச்சுப் பாத்தோம். மழ இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஆளுக நிக்கல."

அம்மா உள்ளே போய், பெரியம்மாவைக் கிடத்தியிருந்த இடம் எது என்று கேட்டு, அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் அழவில்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

நான் வெளியே வந்து அவரைத் தனியே இழுத்தேன். "உங்களாலதான் என்ர அம்மா தன்ர அக்காவின்ர முகம் பாக்கேல்லை. விளங்குதோ உங்களுக்கு?"

"ஆமா தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு போய், கூடாரத்துக்குக் கீழே ஆண்களோடு ஒரு கதிரையில் உட்கார்ந்தார். ஒருவேளை இனியாவது இந்த மனிதர் வாயை மூடுவார் என்று நினைத்தேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ, "ஐயா எங்கருந்து வாறீங்க?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், திறந்துகொண்டது. இம்முறை மலை ரோட்டு இல்லை. அதைத் தெரிந்தவர்கள் மத்தியில் அது செல்லாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஏ-ஒன்பது.

"எங்க ரோட்டு மாதிரி ஒரு ரோட்டு இலங்கையில கெடையாது. நூலப் புடிச்சாப்ல நேரா கெடக்கும். கார்ப்பெட்டு. ராசா மாதிரி வரலாம். எஞ்சினியருமாரெல்லாம் என்னையக் கேட்டுத்தான் போட்டானுக. கண்டியில காலையில ஏறினா, மத்தியானச் சோத்துக்குக் கிளிநொச்சியில நிக்கலாம்."

மழைக்குள் நின்று ஒரு பெண்ணைப் புதைத்துவிட்டு வந்த மனிதர்கள், மரியாதைக்காக வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது, வெறுந்தேத்தண்ணித் தட்டோடு பெரியம்மாவின் மகள் வந்து எனக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால், வாசற்படியில் அம்மா வந்து நின்றார். அக்கா கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"மத்தியானத்துக்கே வந்துரலாமா? அம்புட்டுக் கிட்டத்துலயா இருக்கீங்க தம்பி? அப்புறம் ஏன் இத்தன வருஷமா சின்னம்மாவ ஒருக்காக்கூடக் கூட்டிட்டு வரல?"

தட்டிலிருந்து கோப்பையை எடுத்தேன். சில மணித்தியாலம் பிந்தவைத்ததற்காக, மத்தியானத்திலிருந்து அந்த மனிதரைக் கொல்ல நினைத்துக்கொண்டிருந்தவன் நான். எட்டு வருடம் பிந்தவைத்தவனும் நான்தான். அம்மா என்னைப் பார்க்கவில்லை. முற்றத்து ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க வாறது தங்கச்சி?" என்றார் அவர், கதிரையில் இருந்தபடியே. "ரோட்டே இப்பத்தானே தொறந்தானுக. போன மாசம் வரைக்கும் வெட்டிப் போட்டுருந்தானுக, ஒரு மாட்டு வண்டி போகல. தம்பி தெனமும் போயிப் போயிப் பாத்துக்கிட்டு நின்னான். தொறந்த ஒடனே வந்த மொத வேன் எங்களுதுதான்."

அப்படி ஒரு பொய்யை யாராலும் நம்ப முடியாது. கூடாரத்துக்குள் இருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். அக்கா "அப்படியா தம்பி?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் அக்கா" என்றேன். "போன மாதம்தான் திறந்தவங்கள்."